ஷாக்: ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

தூன் ஆஸ்பத்திரி, இரவு இரண்டே முக்கால்.
டாக்டர் சுர்ப்ரூக் சொன்னதை
அப்படியே தமிழில் வைத்தேன்:
"உங்கட மனுசன் ஷாக்கில இருக்கிறார்."

தவமலர் அக்கா நிமிர்ந்தாள்.
"என்னத்தைக் கேட்டவர்?
ஆர் என்ன சொன்னது?"

எங்களுக்கு ஷாக் என்றால்
கரண்ட் அடிப்பது, இல்லாவிட்டால்
அகாலத்தில் வரும் ஃபோன்.

முதலிலிருந்து தொடங்கினேன்.
ரெஸ்டாரண்ட் குசினியில் போன வியாழன்
மீன்முள் விரலைக் கிழித்திருக்கிறது.
பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையை முடித்திருக்கிறார்.
அந்த வழியால் கிருமி இரத்தத்தில் இறங்கி
குழாய்களெல்லாம் தளர்ந்துவிட்டன.
தொட்டியில் தண்ணி இருக்கு அக்கா,
பைப்பில் வேகம் இல்லை,
மேல்மாடிக்கு ஏறுதில்லை.
அதுதான் ஆளை மாறிக் கதைக்கிறார்.
சிறுநீரகம் கீழ்வீடுதான்,
அங்கேயும் சொட்டுச் சொட்டாய்.

பன்னிரண்டு வருசமாய் இந்தச் சொல்லைச் சுமக்கிறேன்.
மோட்டார்சைக்கிள் சறுக்கிய பொடியன்,
வெளியே ஒரு கீறல் இல்லை,
வயிற்றுக்குள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.
மெழுகு நிறம். நனைந்த தோல். ஐஸ் கை.
தண்ணி தண்ணி என்றான்;
தரக்கூடாது என்பதையும் நான்தான் சொன்னேன்.
குளவி கொட்டிய பெண்ணுக்கு
உதடு தடித்துத் தொண்டை இறுக
நான் ஒரு வசனம் முடிக்குமுன்
தொடையில் ஊசி இறங்கிவிட்டது.
பஸ் ஓட்டும் சந்திரமோகனுக்கு
பம்ப்பே களைத்துப்போனது.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
போகவேண்டிய இடத்துக்கு
இரத்தம் போய்ச் சேரவில்லை,
அவ்வளவுதான்.

அக்கா இதில் எதையும் கேட்கவில்லை.
"நான்தான் தம்பி," என்றாள்.
"நேற்றுக் காலமை சொன்னனான்,
மகள் படிப்பை விட்டிட்டாள் எண்டு.
ஒண்டும் பேசேல்ல.
பிறகுதான் நடுங்கத் தொடங்கினவர்."

காதில் விழுந்ததெல்லாம் சொல்லவேண்டும், அது விதி.
ஜெர்மனில் சொன்னேன்.
டாக்டர் பேனாவை மூடிவிட்டு
கதிரையை இழுத்து
அவள் முழங்காலுக்கு நேரே உட்கார்ந்தார்.
"வார்த்தையால் இது வராது," என்றார்.
"வார்த்தையால் இது வராது," என்றேன்,
தொண்ணூற்றாறில் ஒரு வார்த்தை கேட்டு
பெர்னில் உடுப்புத் தோய்க்கும் அறையில்
கால் மடங்கி இருந்துபோனவன்.
அன்றைக்கு என் பிரஷரை யாரும் பார்க்கவில்லை.
மெஷின் சுற்றி முடிந்து
சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தது.

மூன்றரைக்கு உள்ளே விட்டார்கள்.
மேல் எண் எண்பதைத் தாண்டமாட்டேன் என்றது.
நர்ஸ் மருந்துப் பம்ப்பை ஒரு புள்ளி கூட்டினாள்.
அக்கா மனுசனின் கையை எடுத்து
தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
"சூடாத்தான் இருக்கு, என்னப்பா,"
முகம் கொஞ்சம் தெளிந்தது.

இந்த வகை ஷாக்கில்
கை முதலில் சூடாய்த்தான் இருக்கும்.
அந்தச் சூடுதான் கெட்ட சகுனம்.
எனக்குத் தெரியும்.

என்ன சொன்னாள் என்று
டாக்டர் என் பக்கம் திரும்பினார்.
அது அவள் தன் மனுசனுக்குச் சொன்னது.
நான் மொழிபெயர்க்கவில்லை.