நெடில் இங்கே குறில்

அப்புத்தளையில் மூன்று மணிக்கே லைட் போட வேண்டும்.
மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது,
உள்ளே வர அனுமதிக் கடிதம் இல்லாததுபோல.

மேசையில் திணைக்களத்தின் விண்டோஸ் பெட்டி.
வேறு இயங்குதளம் ஏற்றக்கூடாதென்று
மும்மொழியில் ஸ்டிக்கர்.
தமிழில் மட்டும் இரண்டு எழுத்துப்பிழை.

எனக்கு வேண்டியது ஒரு நூலகம்.
புத்தகம் இல்லாதது.
சரிவில் நிற்கும் மண்
எவ்வளவு தண்ணீரைக் குடித்தபின் கால் இடறும் என்று
அணிகளைப் பெருக்கித் தீர்த்துச் சொல்வது.
யாரோ யுனிக்ஸில் எழுதினார்கள்,
யுனிக்ஸ்தான் உலகம் என்ற நம்பிக்கையில்.

ஓடவிட்டதும் முதலில் ஷெல் எங்கே என்று கேட்டது.
பிறகு போர்க் எங்கே என்றது:
தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்று
அந்தக் கணமே வேலைக்கு அனுப்பும் வித்தை.
இங்கே அந்த வழக்கம் இல்லை, அம்மா.
இங்கே ஆள் எடுக்கப் படிவம் உண்டு,
நிரப்பப் பத்துக் கட்டம்.

பிரபோத சொன்னான், ஒரு போர்வை இருக்கிறதாம்.
போர்த்திவிட்டால் விண்டோஸே யுனிக்ஸ்போல நடிக்குமாம்.
நடித்தது, ஒன்றரை நாள்.
மழைமானிகளின் நிரலோ சொந்தக் கொம்பைலரில் கட்டியது.
இது ஒதுக்கிய நினைவகத்தை அது விடுவிக்கப் போய்
இரண்டும் ஒரே நொடியில் விழுந்தன.
சரி, போர்வை வேண்டாம்.
நூலகத்தையும் சொந்தக் கொம்பைலரில்தான் கட்ட வேண்டும்,
கோப்புக் கோப்பாக, சாய்கோடு சாய்கோடாக.

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் கரண்ட் போனது.
திரும்ப வந்தது. திரும்பத் தொடங்கினேன்.

அடுத்து லிங்கர்.
முந்நூற்றுப் பதினேழு பெயர்களைத் தேடிவிட்டு
முந்நூற்றுப் பதினேழும் இல்லை என்றது.
இருந்தன. பக்கத்துக் கோப்பிலேயே இருந்தன.
ஃபோர்ட்ரான் வைத்த பெயருக்கு வாலில் ஓர் அடிக்கோடு,
கூப்பிடுகிற சி-யிடம் அது இல்லை.
சிரிப்பு வந்தது எனக்கு.
பிறப்புச் சான்றில் நான் வசுகி,
பதிந்தவர் ஒரு துணைக்காலை விழுங்கிவிட்டார்.
அடையாள அட்டையில் வாசுகி.
இருவரும் ஒருத்திதான் என்று சத்தியக்கடதாசி முடிக்க
பதுளைக்கு நான்கு தடவை பஸ் ஏறினேன்.
இவர்களுக்கு ஒரு சின்னக் கோப்பு போதும்:
இது அதுதான், இதுவும் அதுதான்,
முந்நூற்றுப் பதினேழு வரி.

கட்டி முடிந்தது.
ஒன்பதாம் மானியில் மழை மைனஸில் பெய்தது.

நிலத்திலிருந்து வானத்துக்கு!
கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
லோங் என்று ஓர் எண்வகை.
அங்கே அறுபத்து நான்கு பிட்,
இங்கே முப்பத்திரண்டு.
பெயர் நெடில், ஆள் குறில்.
இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டியதும்
மழை மறுபக்கம் சரிந்து விழுகிறது.
எழுதியவர் எவ்வளவு நீளம் என்று சொல்லவில்லை,
சொல்லத் தேவையென்று அவருக்குத் தோன்றியிருக்காது.
நான் சொன்னேன். நூற்று ஆறு இடங்களில்,
அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு.

இரவு பத்தே காலுக்கு
மழை மேலிருந்து கீழே வரத் தொடங்கியது,
திரையிலும் தகரத்திலும்.
எட்டாம் நம்பர் மலையின் பாதுகாப்புக் காரணி
ஒன்று தசம் பூச்சியம் நான்கு.
போன மாதம் ஒன்று தசம் மூன்று.
ஒன்றுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அறிய
எந்த நூலகமும் தேவையில்லை.

தவசீலனுக்குக் கோல் எடுத்தேன்.
எந்த லயம், என்றார்.
மலைக்குக் கீழே இருக்கிற ரெண்டும்.
மிஷின் சரியாச் சொல்லுதா?
இருநூற்றுப் பதினாலு சோதனை வச்சேன். மூணு பிழை.
பதினாறாவது தசமத்துல.
அப்படின்னா?

வெளியே பனி விலகவே இல்லை.

அப்படின்னா, சாமான் எடுக்கச் சொல்லுங்க.