ஐயாயிரமாவது கதவு

ஏழே வரி.
ஒரு இறக்குமதி, ஒரு வழி, ஒரு செயற்கூறு.
மேலப்பாளையத்தில் கரண்ட் போய்
மடிக்கணினியில் பன்னிரண்டு சதவீதம் மிச்சம்.

உலகத்துக்கு வணக்கம் சொல்லச் சொன்னது பாடம்.
நான் ‘வாங்க மைனி’ என்று எழுதினேன்.
வெள்ளைப் பக்கத்தில் வந்து நின்றது.

127.0.0.1, ஐயாயிரமாவது கதவு.
நானே தட்டி
நானே திறக்கிற வீடு.

அடுத்த வழி: /பீடி
தேதி, கட்டு, கழிவு. கீழே ஒரு பொத்தான்.
கழிவுக்கு முன்னிருப்பாகச் சுழி வைத்தேன்,
ஆசைதான்.

முகவரியையும் சுழியாக்கினேன்: 0.0.0.0
எல்லாம் சுழியானால் யாரும் உள்ளே வரலாமாம்.
என் ஹாட்ஸ்பாட்டில் நாலு வீட்டுச் செல்போன்.

மடியிலிருந்து சொளவை இறக்காமலே
இலைத்தூள் ஒட்டிய கட்டைவிரலால்
ஜொகரா மைனி தட்டுகிறாள்:
கட்டு நாற்பது, கழிவு மூன்று.
ரைஹானத்து: முப்பத்திரண்டு, மூன்று.
காய்ச்சலோடு சுற்றிய செய்யது பாத்து
பதினெட்டு.
மூன்று.

வேறு வேறு கை, வேறு வேறு இலை.
கடைக்காரர் பாஸ்புக்கில் தனித்தனியாகக் கிடந்தது
ஒரே பத்தியில் வரிசையாக நிற்கிறது.

எங்கோ தப்பாக எழுதிவிட்டேனா?
நிரலில் பிழை எதுவும் இல்லை.
‘இன்னொருக்கா பாருட்டி’ என்கிறாள் மைனி.

பார்த்தேன்.
மூன்று.