எழுபத்து நாலு

குன்னூரில் கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார்.
பக்கம் முழுக்கப் புள்ளிகள், சின்னதும் பெரியதும்,
தரையில் கொட்டிய மாத்திரைகள் மாதிரி.
எனக்கு எழுபத்து நாலு தெரிந்தது.
லோகித் விரல் வைத்துத் தேடினான்.
"இருபத்தொண்ணு" என்றான்,
விடை சரியாக வந்துவிட்ட முகத்தோடு.

அந்த இருபத்தொன்றை எனக்குத் தெரியும்.

ரயில்வேக்கு மனுப் போட்ட வருஷம்
என் அப்பா மருதையும் அதையேதான் படித்தார்.
எழுத்துப் பரீட்சையில் தேறி, மார்பளவில் தேறி,
போத்தனூர் ஆஸ்பத்திரியில்
ஒரே ஒரு பக்கத்தில் விழுந்தார்.
பிறகு முப்பது வருஷம் டீ ஃபாக்டரி.
தூளில் எல்லாம் ஒரே நிறம்,
அங்கே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது
பெட்டியைக் கிளறி, பாத்திரங்களை எண்ணி,
அவர் அம்மாவின் காதில் கிடந்த தோட்டைக்கூட
எழுதிக்கொண்டார்களாம்.
இதை எழுதவில்லை.
அந்த அம்மாவுக்கே தெரியாது,
தேயிலைக் கொழுந்தின் பச்சையை
வாழ்நாளெல்லாம் பார்த்துக் கிள்ளியவள் அவள்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு போட்டார்.
"பெண்ணுக்கு எக்ஸ் ரெண்டு.
ஆணுக்கு ஒண்ணு, பக்கத்துல ஒரு குட்டை ஒய்.
நிறம் பிரிக்கிற பாடம் எக்ஸ்ல இருக்கு.
ஒரு பிரதியில அச்சுப்பிழைன்னா
பெண் இன்னொண்ணைப் பார்த்துப் படிச்சுக்குவா.
பையன் என்ன பண்ணுவான்?
அவன்கிட்ட ஒரே புஸ்தகம்."

"அப்போ என் அப்பா..."
"இருந்த ஒண்ணைத்தானே உங்களுக்குக் கொடுக்க முடியும்."

தம்பி சுகுமாருக்கு அப்பாவின் நடை வந்தது,
குறட்டை வந்தது, சொசைட்டிக் கடனும் வந்தது.
இது வரவில்லை. அவனுக்குப் போனது அந்தக் குட்டை.

நான் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன்.
உத்தரவில் அப்படித்தான் இருக்கிறது, மேன் என்று.
கல்லாறு தாண்டிப் பற்சக்கரம் கடிக்கத் தொடங்கினால்
பெட்டியின் முன்னால் நின்றபடி
சிவப்பும் பச்சையுமாய் இரண்டு கொடியோடு ஏறுகிறேன்.
எழுபத்து நாலு என்று சத்தமாய்ச் சொல்லி வாங்கிய வேலை.
சொன்ன அன்றும் அது எனக்குள் உட்கார்ந்திருந்தது,
டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி
வாயைத் திறக்காமல்.

மூத்தவன் கிஷோருக்கு ஒன்றுமில்லை.
ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி என்கிறார்.
முதல் தடவை என்ன விழுந்தது என்பது
இரண்டாம் தடவைக்கு ஞாபகம் இருக்காதாம்.

"உங்க அப்பா வழியா?" என்றார் வீட்டுக்காரர்.
ஆமாம்.
ஆள் அகப்பட்டுவிட்ட நிம்மதி அவருக்கு.
இரவு கூடுதலாய் ஒரு கரண்டி ரசம் கேட்டார்.

மார்க்கெட்டில் இவன் தக்காளி பொறுக்குவான்.
ஒவ்வொன்றாய் எடுத்துக்
காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்து,
கண்ணை மூடி, சிலதைத் திருப்பி வைப்பான்.
அப்பாவும் அப்படித்தான்.
கடைக்காரர் முறைத்தாலும் விடமாட்டார்.
அவர் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான்
இவன் பிறந்தான்.
இதையும் எக்ஸ்தான் கொண்டுவந்ததா
என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்றைக்கு வார ஓய்வு.
மூன்று நாளாய் மூடியிருந்த மஞ்சு விலகி
கொஞ்சம் வெயில்.
துணிக்கொடியில் என் இரண்டு கொடிகளும் காய்கின்றன,
கரிப்புகையும் மழையும் போன பிறகு.

லோகித் ஒன்றை இழுத்து மூக்கில் வைத்தான்.
பிறகு மற்றதை.
பிறகு மறுபடியும் முதலாவதை.

இரண்டிலும் ஒரே சோப்பு.

"ஏமாத்துறம்மா" என்றான்.