சரக்கு

முதல் முறை பதினோரு நொடி.
இரண்டாம் முறை, மாத்திரை போட்டும், நாற்பது.
கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை
அவர் பிழிந்த பிழியில்
என் அறையில் மணி அலறியது.
வெளியே இழுத்தபோது
"மன்னித்துவிடு" என்றார், கூரையைப் பார்த்து.
அறுபத்திரண்டு வயது. புருனோன் கோன்கெல்.
கிடினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.

மூன்றாம் முறை வந்த அன்று
கடலும் வானமும் ஒரே ஈயம்.
கோப்பில் யாரோ சிவப்பில் எழுதியிருந்தார்கள்:
ஒத்துழைக்கவில்லை.
அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தேன்.

தைரியம் சொல்ல எனக்கு வராது.
சாவி, கடிகாரம், பேனா, செருப்பு,
எல்லாவற்றையும் கழற்றிவிட்டு
குழாய்க்குள் நானே போய்ப் படுத்தேன்.
பதினான்கு வருடம் இந்த இயந்திரத்தோடு;
உள்ளே போனது அன்றுதான்.
மூக்குக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை.
என் மூச்சு பிளாஸ்டிக்கில் மோதி
என் முகத்துக்கே திரும்பியது.
"நெருக்கம்தான். பொய் சொல்லமாட்டேன்."
அவர் சிரித்தது
என் காலடிப் பக்கமிருந்து கேட்டது.

பிறகு பேசினோம், ஸ்கேனைப் பற்றி இல்லை.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
கப்பலின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று
அங்கிருந்து தெரியாதாம்.
கீழே ஒருவன், கையில் வயர்லெஸ்:
இறக்கு. மெல்ல. இன்னும் ஒரு கை. நில்.
முப்பது வருடம் அந்தக் குரலை நம்பி
கண்ணுக்குத் தெரியாத இடத்தில்
இரும்பை இறக்கியிருக்கிறார்.
"ஒரு நாள்கூட பயமில்லையா?"
"குரல் நின்றால்தான் பயம்."

அதுதான்.
நாங்கள் காதை அடைத்து, உள்ளே தள்ளி,
பேசாமல் இருந்துவிடுகிறோம்.

தலைக்கூண்டை மூடி ஆடியைத் திருப்பினேன்.
அதில் அவர் கால்விரல்களும்
ஜன்னலுக்குப் பின்னால் என் நாற்காலியும்.
"இன்று நீங்கள் சரக்கு. கீழே நிற்பவள் நான்."
மெல்ல. இன்னும் ஒரு கை. நில்.
"இனி நான்கு நிமிடம், சுத்தியல் மாதிரி."
"முடிந்தது. அடுத்தது மூன்று.
இந்தச் சத்தம் கொஞ்சம் அசிங்கமானது."
சொல்ல ஏதுமில்லாத இடைவெளியில்
கார் நிறுத்துமிடத்தைச் சொன்னேன்:
ஒரு ரொட்டி வேன், பனியில் சக்கரம் சுற்றுகிறது.
ஓட்டுநர் இறங்கிவிட்டார். டயரை உதைக்கிறார்.
இப்போது இரண்டு தாதியர் தள்ளுகிறார்கள்.

நடுவில் எனக்கு இருமல் வந்தது.
பேச்சு அறுந்தது.
திரையில் அவர் நாடி
எழுபத்தாறிலிருந்து நூற்றுப் பத்து.
"இருக்கிறேன்" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
எண் படியிறங்கி வந்தது.

இருபத்தேழு நிமிடம். மணி அடிக்கவில்லை.
பந்தில் கட்டைவிரல் பள்ளம் மட்டும்,
மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.

படத்தில் என்ன என்பதை மருத்துவர் சொல்வார்.
அவர் என் முகத்தைப் படிக்கப் பார்த்தார்;
நான் அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றுவதில்
மும்முரமானேன்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார்,
இடது காதில் மஞ்சள் அடைப்பான் அப்படியே.
லிஃப்ட் அருகே நின்றவர்களிடம்
தாழ்வாரமே அதிரக் கேட்டார்:
"ரொட்டி வேன் வெளியே வந்துவிட்டதா?"