சோத்தாங்கை, பீச்சாங்கை

மணலி, மே மாதம், இரவு இரண்டு மணி.
கூலிங் டவர் தண்ணீரே முப்பத்து நாலு டிகிரி.
இந்தச் சூட்டில் எந்த உப்பு படியும்?
சாத்தாங்காடு பக்கம் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்கின்றன.
மூன்றாம் ரியாக்டரில் மேண்டலிக் அமிலம்,
இரண்டு வகையும் சரிபாதி,
கண்ணாடிக்கு முன்னே ஒருத்தி, உள்ளே ஒருத்தி.
எடை ஒன்று. உருகும் சூடு ஒன்று.
தராசுக்குத் தெரியாது.
மருந்து கம்பெனிக்கு மட்டும் தெரியும்:
அவர்களுக்கு ஒரு கை போதும்.

எட்வர்டு பிரகாசம், பதினெட்டு வருஷமாய் இங்கே வால்வு திருப்புகிறவர்,
கேட்டார்: "ஒண்ணு போலவே கீறத எப்டிம்மா பிரிப்ப?"
கையை நீட்டுங்கள் என்றேன்.
சோத்தாங்கையோடு சோத்தாங்கை. கச்சிதம்.
பிறகு அவர் சோத்தாங்கைக்கு என் பீச்சாங்கை.
கட்டைவிரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் முட்டிக்கொண்டன.
"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.
அமீனும் இப்படிக் கை நீட்டுகிற ஆள்,
எப்போதும் ஒரே கை.
பொருந்தின ஜோடி நெருங்கி அடுக்கி அடியில் உட்காரும்.
பொருந்தாதது தாய்த்திரவத்தில் அலையும்.

உட்காரவில்லை.
மூன்று மணிவரை கலங்கல்கூட இல்லை.
காசிமேட்டுக்குப் போகிற ஐஸ் வண்டியை மறித்துப்
பன்னிரண்டு பாளம் வாங்கி ஜாக்கெட் தொட்டியில் போட்டோம்.
தொட்டியெல்லாம் மீன் வாசம்.
பழைய பாட்சிலிருந்து ஒரு சிட்டிகை விதை தூவினேன்.
சைட் கிளாஸில் முதலில் பூஞ்சை போல ஏதோ,
பிறகு
வட சென்னையில் நான் பார்த்த ஒரே பனிப்பொழிவு.

மீதிப் பாதியை என்ன செய்வீங்க?
காரத்தில் கொதிக்க வைப்போம்.
கொதிக்கக் கொதிக்கத் தன் கை எதுவென்று மறக்கும்,
பாதி இப்படி, பாதி அப்படி ஆகி
மறுபடி வரிசையில் வந்து நிற்கும்.
தண்டையார்பேட்டையில், மூன்றாம் வகுப்பில்,
ஸ்டெல்லா ராணி மிஸ் என் பீச்சாங்கையைப்
பச்சை ரிப்பனால் பெஞ்சோடு கட்டினார்,
அரைப் பரீட்சை வரைக்கும்.
நான் மறக்கவில்லை.
நாலு கை இருந்தும் கார்பன்தான் மறக்கிறது.

விடிகாலை அளவு: மைனஸ் இரண்டு புள்ளி ஆறு ஒன்று.
எண்பத்தைந்து சதம். போதாது.
மறுபடி கரை, மறுபடி படியவை.

அடுத்த வருஷம் நொதி வருகிறதாம்,
ஹைதராபாத்திலிருந்து டிரம்மில், ஏதோ பாக்டீரியா தந்தது.
பாதாம் வாசனை நைட்ரைல் அதன் வாசலில் நின்று
கை மாற்றி மாற்றிக் காட்டும்;
சரியான கை நீளும் கணம் உள்ளே இழுத்து
அமிலமாக்கி அனுப்பிவிடும்.
பாதி என்ற பேச்சே இல்லை, நூற்றுக்கு நூறு.
கணக்குப் பார்க்கும் ரங்கபாஷ்யம் சார்
சயனைடு என்பதை மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

இன்று மறுநாள். ஏழு மணி.
உப்பை உடைத்தாயிற்று, அமீனைத் திரும்ப எடுத்தாயிற்று.
சோடியம் விளக்கு சூடேறப் பத்து நிமிடம்.
குழாயில் குமிழி தங்காமல் நிரப்பி
மஞ்சள் வெளிச்சத்தில் கண் வைக்கிறேன்.
இதன் பெயர் ஆர். லத்தீனில் வலது என்று படித்தேன்.
சோத்தாங்கை அமிலம்.
ஒளியைத் திருப்புவதோ
பீச்சாங்கைப் பக்கம்.
மைனஸ் மூன்று புள்ளி பூஜ்யம் ஆறு.

ரெஜிஸ்டரில் எழுதுகிறேன்.
மை காயுமுன் என் கை
எண்ணின்மேல் ஊர்ந்து போகிறது.
க்யூ.ஏ.விலிருந்து கேட்பார்கள்,
யார் இப்படி ஈஷினது என்று.