நீலப் புகை

பஞ்சிகாவத்தைக் கடைக்காரன் கேட்டான்:
"ஜப்பானா, சீனாவா?"
பொக்கெற்றைத் தொட்டுப் பார்த்து
"தாய்வான்" என்றேன்.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
குசினி நிலமெல்லாம் போன மாதப் பேப்பர்.
மண்ணெண்ணெய்த் தட்டில் பிஸ்டன்.
பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி
அதன் வாயிடைவெளியை அளக்கத்
தகடு தேடினேன்.
டிலானியின் வங்கி அட்டையே
தாராளமாக நுழைந்தது.
"அதுக்காவது உதவிச்சே" என்றாள்.

பிறகு சேர்க்ளிப் ஒன்று துள்ளி
ஃபிரிட்ஜுக்கடியில் ஓட,
இருவரும் குப்புறக் கிடந்து,
டோர்ச்சைப் பிடிப்பது யாரென்று சண்டை.
இன்றைக்குக் கலியாண நாள் என்பது
அங்கே கிடக்கையில்தான் ஞாபகம் வந்தது,
அவளுக்கு.

பதினொன்றரைக்குக் கீழே இறங்கி உதைத்தேன்.
ஸ்டார்ட். புகையில்லை.

மறுநாள் இரவு,
தூரத்தே புகையைக் கண்டே
கேற்றைத் திறந்துவிடும் குணபால
டோர்ச்சை என் முகத்திலடித்துக் கேட்டார்:
"கவுத?"