வகுத்தல்

கோஜே தீவில் மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
நீதிமன்றத்திலிருந்து இருவர் வந்தார்கள்.
காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள்,
மரியாதை தெரிந்தவர்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சிவப்புச் சீட்டு.
தொலைக்காட்சிக்கு ஒன்று.
மகளின் மின்பியானோவுக்கு மட்டும்
பின்புறமாக ஒட்டினான் இளையவன்,
அவள் கண்ணில் படவேண்டாம் என்றோ என்னவோ.
சோறு பொங்கும் குக்கருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டாம்.
கிழித்தால் குற்றம் என்று சொல்லிவிட்டு
குடையை மறந்துவிட்டுப் போனார்கள்.

நாற்பத்துமூன்று நாள் வேலைநிறுத்தம்.
பாதி கட்டிய கப்பலின் சாரத்தில்
மன்-சொக் ஏறி உட்கார்ந்திருந்தபோது
விழுந்துவிடுவானோ என்று பயந்தேன்.
தடியடிக்குப் பயந்தேன். சிறைக்குப் பயந்தேன்.
தபாலுக்குப் பயப்பட
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முந்நூற்று இருபது கோடி வொன்
நட்டஈடு கேட்டது கம்பெனி,
பத்தொன்பது பேரிடம்.

நான் சிப்பி உடைக்கிறவள்.
கத்தியை வைத்துவிட்டு ஈரக்கையோடு வகுத்துப் பார்த்தேன்.
ஆளுக்குப் பதினேழு கோடி, கொஞ்சம் குறைய.
ஒரு பருவம் முழுக்க உடைத்தால் எனக்கு ஒரு கோடி.
பதினேழு குளிர்காலம்
ஒரு கவளமும் தின்னாமல் உடைத்தால் தீரும்.

பிறகு தொலைபேசி வந்தது,
ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இனிய குரலில்:
சங்கத்தை விட்டு விலகினால்
வழக்கிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுகிறோம்.

முதலில் கையெழுத்துப் போட்டவர் பியோ கில்-ஹோ.
வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற மனைவி.
யாரும் அவரைத் திட்டவில்லை.
பெயர்தான் போனது, தொகை போகவில்லை.
அவர் பங்கு நகர்ந்து வந்து
மிச்சம் இருந்தவர்கள் தோளில் உட்கார்ந்தது.
பதினெட்டு. பதினான்கு. போன வெள்ளிக்கிழமை ஒன்பது.
வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருக்கும்:
பள்ளியில் மனப்பாடம் செய்தது,
நாற்பத்தாறு வயதில் புரிகிறது.

நேற்றிரவு அந்தத் தாள் எங்கள் மேசைக்கும் வந்தது.
வெல்டிங் பொறி தின்ற விரல்களால்
பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தான்.
போட்டுவிடு, என்றேன்.
சொன்னது நான்தான், மறைக்கமாட்டேன்.
போட்டால் எட்டுப் பேர், என்றான்.

எட்டால் வகுத்தேன்.
ஆளுக்கு நாற்பது கோடி.
மீதியே இல்லாமல் வகுபட்டது.

அறையில் மகள் பியானோ வாசிக்கிறாள்.
காதில் ஹெட்போன், எங்களுக்கு எட்டுவது
விசைகள் டக்டக்கென்று அமுங்குவது மட்டும்.
சீட்டில் விரல் படாமல்
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கிம்ச்சி எடுத்து வைத்தேன்.

வாசலில் கிடக்கும் குடை யாருடையது, என்று கேட்டான்.
சொன்னேன்.
வாய்தாவுக்குப் போகும்போது எடுத்துப் போ,
கொடுத்துவிடு, என்றேன்.